மீன் எய்யும் அம்பு: எதை எடுப்பது, தண்ணீருக்குள் நேராகப் போக எப்படிச் சரிசெய்வது?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கையில் 40 பவுண்டு (நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசை) ரிகர்வ் வில், அதாவது நுனிகள் முன்னோக்கி வளைந்த வில், இருக்கிறது. இலக்குப் பலகையில் எய்வதற்கு வாங்கிய கார்பன் அம்பின் வால் பக்கம் துளை போட்டு நூல் கட்டி, முன்னால் முள் வைத்த மீன் முனையை மாட்டி முயன்றிருக்கிறீர்கள். காற்றில் நேராகப் போவதுபோலத் தெரிகிறது, தண்ணீரைத் தொட்டதும் பக்கவாட்டில் விலகுகிறது, ஆழமும் போவதில்லை. ஃபைபர்கிளாஸ் அம்பு வாங்கினால் தீருமா, அல்லது வில்லின் பவுண்டைக் கூட்ட வேண்டுமா என்று கேட்கிறீர்கள். படித்தவுடன் எந்த அம்பு வாங்கலாம் என்ற கேள்வியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், அம்பு ஏன் தண்ணீருக்குள் நேராக நுழையவில்லை என்பதே உண்மையான கேள்வி. அம்பை மாற்றினால் ஒரு பகுதி தீரும். பெரிய பகுதி, அந்த அம்பை உங்கள் வில்லோடு பொருத்திச் சீர்செய்வதில் இருக்கிறது. பல ஆண்டுகளாக அம்பு கட்டுவதும் வில் சீர்செய்வதும் என் வேலை, மீன் எய்வதும் பழக்கம். அதை வைத்துச் சொல்கிறேன். என் பழக்கம் பெரும்பாலும் உங்களுடையதைப் போன்ற ரிகர்வ் வில்லில், விரலால் நாணை இழுத்து விடும் முறையில் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயம். வாலில் துளை போட்டு நூல் கட்டிய அந்த அம்பை இனி எய்ய வேண்டாம். அம்பை இழுத்துப் பிடித்திருக்கும்போது வால் உங்கள் முகத்தருகே இருக்கிறது, அதனால் நூலும் நாணுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. விடும் நொடியில் அந்த நூல் நாணிலோ விரலிலோ உங்கள் கைக்கடிகாரத்திலோ ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால், முழு வேகத்தில் கிளம்பிய அம்பு நூலை இழுத்து, நூல் ரப்பர்போல நீண்டு, அம்பு எய்தவரை நோக்கியே திரும்பி வரும். இப்படிக் கண்ணிலும் தலையிலும் படுகாயம் பட்டவர்கள் உண்டு, உயிர் போனதும் உண்டு. இதற்காகத்தான் ஸ்லைடு இருக்கிறது. தண்டின் மேல் வழுக்கி ஓடும் சிறிய வளையம் அது. நூலை அதில்தான் கட்ட வேண்டும். வால் அருகே தண்டில் ஒரு தடுப்பு இருக்கும். நாணை இழுக்கும்போது தண்டு ஸ்லைடின் ஊடாகப் பின்னால் வரும், ஸ்லைடு மட்டும் வில்லின் கைப்பிடிக்கு முன்னாலேயே நின்றுவிடும். ஆக நூல் ஒருபோதும் நாண் பக்கம் வராது. எய்த பிறகு அம்பு முன்னேற, ஸ்லைடு வாலில் உள்ள தடுப்பில் போய் முட்டி, அங்கிருந்து நூலை இழுத்துச் செல்லும். முனையிலிருந்து வால்வரை தண்டோடு சேர்ந்து ஓடும் கம்பி இணைப்பும் சில அம்புகளில் வருகிறது. அதன் நோக்கமும் இதுவே. எதை எடுத்தாலும், முழு இழுப்பில் நூல் கட்டிய இடம் கைப்பிடிக்கு முன்னால் நிற்கிறதா என்று ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, இப்போது விலகலுக்கு வருவோம். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. காற்றில் நீங்கள் கவனிக்கவே முடியாத சின்னக் குறை தண்ணீரில் முழுதாக வெளிப்படும். மீன் அம்பின் வழக்கமான அளவை எடுத்துக்கொள்வோம்: 5/16 அங்குலத் தடிமன், அதாவது சுமார் 8 மி.மீ.; 32 அங்குல நீளம், சுமார் 81 செ.மீ. முன்னாலிருந்து பார்த்தால் அது தண்ணீருக்குக் காட்டும் பரப்பு அரை சதுர செ.மீ. மட்டுமே. முழுப் பக்கத்தையும் காட்டினால் அது ஏறக்குறைய 65 சதுர செ.மீ. வித்தியாசம் 130 மடங்கு. அம்பு தன் பாதையிலிருந்து சில பாகை சாய்ந்து நுழைந்தாலே அந்தப் பெரிய பக்கப் பரப்பில் ஒரு பங்கு தண்ணீரின் எதிரே வந்துவிடுகிறது. தண்ணீர் அந்தப் பக்கத்தைத் தள்ளுகிறது, அம்பு திரும்புகிறது, திரும்பத் திரும்ப இன்னும் அதிகப் பரப்பைக் காட்டுகிறது. பக்கவாட்டு விலகல், ஆழம் போகாமை என்று நீங்கள் சொல்லும் இரண்டும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். அம்பு வால் ஆடிக்கொண்டே தண்ணீரைத் தொடுகிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பவுண்டைக் கூட்டுவது இதற்கு மருந்தாகாது. தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆகவே வேகமாக நுழையும் அம்பும் மெதுவாக நுழையும் அம்பும், எடையும் வடிவமும் ஒன்றாக இருந்தால், ஒவ்வொரு அரை மீட்டரிலும் தம் வேகத்தில் ஏறக்குறைய ஒரே விகிதத்தை இழக்கின்றன. 40 பவுண்டிலிருந்து 50க்குப் போனால் வேகம் சுமார் 12 சதவீதம் கூடலாம், அதில் கிடைக்கும் கூடுதல் ஆழம் சொற்பம். எடையைக் கூட்டினால் கதை வேறு. எடை இரட்டித்தால், அதே விகித வேகத்தை இழக்க அம்புக்கு இரட்டைத் தூரம் தேவைப்படும். இலக்கு எய்யும் கார்பன் அம்பு முனையோடு 25, 30 கிராம் இருக்கும். ஃபைபர்கிளாஸ் மீன் அம்பு முனையோடு 80 முதல் 100 கிராம் வரும், அம்புக்காரர்கள் கணக்கில் 1,200 முதல் 1,500 கிரெயின். அதே வில்லில் எடை 3 மடங்கானால் வேகம் ஏறக்குறைய 58 சதவீதமாகக் குறையும், ஆனால் உந்தம் 1.7 மடங்காகும். தடிமனும் கூடுவதால் அந்த லாபத்தில் கொஞ்சம் போகும், இருந்தாலும் கணக்கு கனமான அம்பின் பக்கமே நிற்கிறது. கனமான அம்பு வில்லுக்கும் நல்லது. நாணில் தங்கும் ஆற்றல் குறைந்து அம்புக்கே அதிகம் போகிறது, வில்லின் அதிர்வு குறைகிறது.

அதனால் முதல் அம்பாக, உள்ளே வெற்றிடமில்லாத கெட்டி ஃபைபர்கிளாஸ் தண்டையே எடுங்கள். கார்பன் இழை சேர்த்த ஃபைபர்கிளாஸ் கலப்புத் தண்டும் உண்டு. அது இன்னும் விறைப்பானது, எய்த பிறகு அதிர்வு சீக்கிரம் அடங்கும், வலுவான வில்லுக்குப் பொருத்தம். உங்கள் 40 பவுண்டுக்குச் சாதாரண ஃபைபர்கிளாஸ் போதும், கலப்புத் தண்டு கட்டாயமில்லை. குழாய்போல உள்ளே வெற்றிடமுள்ள கார்பன் அம்பை இந்த வேலைக்கு நான் ஆதரிக்க மாட்டேன். எடை குறைவு என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், பாறையில் மோதினாலோ பெரிய மீன் உருண்டு புரண்டாலோ அது பிளந்துபோகும். கண்ணுக்குத் தெரியாத பிளவோடு மறுபடி நாணில் ஏற்றினால், விடும்போது கையருகே சிதறும்.

இறகைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், உங்கள் அம்பில் அது இன்னும் ஒட்டியிருக்கிறது என்பதால். மீன் அம்பில் இறகு வேண்டாம். முதலில், இறகு இருந்தால் ஸ்லைடு வால்வரை ஓட முடியாது. அடுத்தது, காற்றில் அம்பை நிமிர்த்தும் அதே இறகு, கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தாலும் தண்ணீரில் படகின் சுக்கான்போல வேலை செய்து அம்பைத் திருப்பிவிடும். நாம் எய்யும் தூரம் சில மீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் இறகு அம்பை முழுதாக நிமிர்த்தவும் நேரமில்லை. ஆனால் இதில் ஒரு விலை இருக்கிறது: இறகில்லாத அம்பு உங்கள் வில்லின் எந்தக் குறையையும் மறைக்காது. சாதாரண அம்பைச் சீர்செய்யும்போது வில்லாளிகள் வேண்டுமென்றே இறகில்லாத தண்டை எய்து பார்ப்பார்கள், குறை பளிச்சென்று தெரியும் என்பதற்காக. மீன் எய்பவர் எப்போதுமே அந்தத் தண்டைத்தான் எய்கிறார். மீன் அம்புக்குச் சீர்செய்தல் அவசியமில்லை, கிட்டத்தில்தானே எய்கிறோம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படாதது இதனால்தான்.

முனையைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு முள், மூன்று முள், சுருள்வில்லால் விரியும் முள் என்று பல வகை இருக்கின்றன. எனக்குப் பிடித்தது, முன்நுனியைச் சில சுற்று திருகித் தளர்த்தினால் முள் முன்பக்கம் மடங்கிக்கொள்ளும் வகை. மீனை அம்பிலிருந்து கழற்றும்போது கைக்குக் காயமில்லை, மீனும் கிழிவதில்லை. எந்த வகையானாலும் இரண்டு விஷயம் பாருங்கள். நுனி கூராக இருக்க வேண்டும், ஒவ்வொரு முறை கல்லில் பட்ட பிறகும் அரத்தால் தீட்ட வேண்டும். கார் (gar) என்னும் மீனைப் போலக் கெட்டிச் செதில் உள்ளவற்றில் மழுங்கிய நுனி வழுக்கிவிடும். இரண்டாவது, பறக்கும்போது முட்கள் தண்டோடு ஒட்டி, இரு பக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு பக்க முள் மட்டும் தொளதொளவென்று விரிந்திருந்தால் தண்ணீர் அந்தப் பக்கத்தைப் பிடித்து அம்பைத் திருப்பும். அம்பு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பக்கம் விலகினால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். எப்போதும் ஒரே பக்கம் விலகினால் குறை பெரும்பாலும் வில்லின் அமைப்பில் இருக்கும்.

இப்போது சீர்செய்யும் வேலை. முதலில் தண்டு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். தட்டையான மேசையில் உருட்டினால் கோணல் தெரிந்துவிடும். அப்புறம் அம்பின் வாலில் நாணைக் கவ்வும் பிளவு. அதை நாக் என்பார்கள். அது நாணில் மெல்லிய சத்தத்தோடு அமர வேண்டும், தலைகீழாகத் தொங்கவிட்டால் அம்பு விழக்கூடாது, நாணை விரலால் லேசாகத் தட்டினால் கழன்று விழ வேண்டும். பலர் தவறவிடுவது இங்கேதான். மீன் அம்பின் நாக் உங்கள் நாணுக்கு இறுக்கமாக இருந்தால், அம்பு கிளம்பும்போதே வால் இழுபட்டு ஆடத் தொடங்கும், வேறு எதைச் சரிசெய்தாலும் பயனில்லை.

பிறகு எய்து பாருங்கள். கல் இல்லாத ஈரமணல் மேடு நல்ல இலக்கு. பின்னால் யாரும் இல்லாத இடமாக இருக்கட்டும். முட்களை டேப் சுற்றித் தண்டோடு கட்டிவிடுங்கள், அப்போதுதான் எடை மாறாது. முதலில் நூல் இல்லாமல், 4 முதல் 6 மீட்டர் தூரத்தில் எய்யுங்கள். மீனும் அந்தத் தூரத்தில்தான் கிடைக்கும், ஆகவே அங்கேதான் அம்பு நேராக இருக்க வேண்டும். மணலில் குத்தி நிற்கும் அம்பின் வால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கவனியுங்கள். உங்களுக்குப் பின்னால் நின்று ஒருவர் போனில் மெதுவோட்டக் காணொளி எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு அம்பை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். விரல் விடுவதில் வரும் தடுமாற்றமும் இதே போன்ற சாய்வைக் காட்டும். தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டுமே வில்லில் கை வையுங்கள்.

மேல்கீழ்ச் சாய்வை முதலில் தீருங்கள். வால் மேலே நின்றால் நாணில் நாக் பொருந்தும் புள்ளி உயரமாக இருக்கிறது, கொஞ்சம் இறக்குங்கள். வால் கீழே நின்றால் ஏற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் 1, 2 மி.மீ. போதும். இதில் ஒரு ஏமாற்று உண்டு. புள்ளி மிகத் தாழ்வாக இருந்தால் அம்பு ரெஸ்டில் (வில்லின் கைப்பிடியில் அம்பைத் தாங்கும் சிறு தாங்கி) மோதித் துள்ளி, வால் மேலே போவதுபோலவே காட்டும். இறக்க இறக்க நிலைமை மோசமானால் திசையை மாற்றி ஏற்றிப் பாருங்கள். மேல்கீழ் சரியான பிறகே இடவலத்துக்கு வாருங்கள். வலது கையால் இழுத்து விரலால் விடுபவருக்கு, வால் இடப்பக்கம் போய் முனை வலப்பக்கம் திரும்பினால் தண்டு அந்த வில்லுக்கு விறைப்புப் போதாமல் அதிகமாக வளைகிறது என்று பொருள். வால் வலப்பக்கம் போனால் தண்டு விறைப்பு அதிகம். இடதுகைக்காரருக்கு இது தலைகீழ். உங்கள் கார்பன் அம்பு முதல் வகையில் விழுந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒரு தண்டின் முன்னால் அதற்குரியதைவிடக் கனமான முனையை மாட்டினால், அது எய்யும்போது அதிகமாக வளையும்.

மீன் அம்பில் விறைப்பை மாற்ற நமக்கு அதிக வழியில்லை. தண்டை வெட்டிக் குறைத்தால் விறைப்பு கூடும், ஆனால் முழு இழுப்பில் ஸ்லைடு கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் அளவுக்கு நீளம் மிஞ்ச வேண்டும். ஆகவே வெட்டுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் இலகுவான முனை ஒன்றை மாட்டிப் பாருங்கள். ரெஸ்டை ஒரு மி.மீ. உள்ளே அல்லது வெளியே நகர்த்திப் பாருங்கள். எந்தப் பக்கம் நகர்த்தினால் வால் அடங்குகிறதோ அதுவே உங்கள் வில்லுக்குச் சரி. ரெஸ்டைப் பொறுத்தவரை உருளை நல்லதா, தூரிகை நல்லதா என்று நீண்ட விவாதம் நடக்கிறது. அதில் நான் பக்கம் சேர மாட்டேன், ஒவ்வொருவர் அனுபவம் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. 100 கிராம் அம்பின் எடையில் தொய்யாமலும் நனைந்தால் பிடித்துக்கொள்ளாமலும் இருந்தால் போதும்.

நூல் இல்லாமல் அம்பு நேராகப் போகிறது என்று ஆன பிறகு நூலை மாட்டி அதே இடத்தில் எய்யுங்கள். முதலில் நேராகப் போய், நூல் மாட்டியதும் வால் ஆடினால் குறை நூலில்தான். ஸ்லைடு தண்டில் தடையில்லாமல் ஓடுகிறதா, தண்டில் எங்காவது பிசிறு இருக்கிறதா, வில்லில் நூலைச் சுற்றி வைக்கும் ரீலிலிருந்து நூல் தாராளமாக வருகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். பட்டன் அழுத்தி நூலை விடுவிக்கும் ரீல் என்றால், எய்யும் முன் அழுத்துவதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மறந்தால் அம்பு பாதியில் இழுபட்டு நிற்கும், நூல் அறும் அல்லது அம்பு திரும்பும். இதைச் சிறு தவறாக எண்ணிவிட வேண்டாம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஒளிவிலகலைப் பற்றி யோசிக்க வேண்டும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. மீன் இருக்கும் இடத்தைவிட மேலே இருப்பதாக நமக்குத் தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் உண்மை ஆழத்தில் முக்கால் பங்கு, சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவு. கண் நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில், மீன் 3 மீட்டர் தள்ளி, அரை மீட்டர் ஆழத்தில் இருந்தால், தெரியும் இடத்தை நோக்கி நேராகச் செல்லும் அம்பு மீனுக்கு 20 செ.மீ.க்கு மேலான உயரத்தில் கடந்துவிடும். மீன் எய்பவர்களிடையே ஒரு கைக்கணக்கு உண்டு: 10 அடி தூரத்தில், 1 அடி ஆழத்தில் உள்ள மீனுக்கு 4 அங்குலம் கீழே குறிவை, ஆழமோ தூரமோ இரட்டித்தால் அந்த அளவையும் இரட்டி. நின்றபடி எய்யும் ஒருவருக்கு அந்த முதல் அளவு கணக்கோடு ஓரளவு ஒத்துப்போகிறது. இரட்டிப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. கண்ணின் உயரத்தையும் பார்க்கும் கோணத்தையும் அது கணக்கில் எடுப்பதில்லை, மீனின் ஆழத்தை நாம் ஊகிப்பதிலேயே பெரிய பிழை வரும். அதைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, தெரிந்த ஆழத்தில் மூழ்கவைத்த களிமண் உருண்டையை எய்து உங்கள் கண்ணைப் பழக்குங்கள். மிகவும் தாழ்ந்த கோணத்தில் எய்ய வேண்டாம். அம்பு நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்துப் போகும், அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சீர்செய்யாத அம்போடு தண்ணீரில் பழகினால் மீன் தவறியதற்குக் காரணம் குறியா, அம்பா, ஒளிவிலகலா என்று பிரிக்கவே முடியாது. மணலில் அம்பு நேராக நிற்கும்வரை தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள் என்று நான் சொல்வது அதற்காகத்தான். எய்த மீனைத் திரும்ப விட முடியாது என்பதையும் சேர்த்து நினையுங்கள். எந்த மீனை, எந்த நீர்நிலையில் வில்லால் எய்ய அனுமதி என்பதை முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். பல இடங்களில் இதற்குத் தனி விதிகள் உண்டு.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: 40 பவுண்டு வில் அப்படியே இருக்கட்டும், கெட்டி ஃபைபர்கிளாஸ் அம்பு இரண்டு, ஸ்லைடோடு. ஒவ்வொரு முறை எய்யப் போகும் முன்பும் தண்டை லேசாக வளைத்துப் பாருங்கள். சடசடவென்று சத்தம் வந்தாலோ வெள்ளைக் கோடு தெரிந்தாலோ அந்த அம்பை உடைத்துப் போட்டுவிடுங்கள், யாரும் எடுத்து எய்துவிடக்கூடாது. பழைய ஃபைபர்கிளாஸ் தண்டில் நார் எழும்பிக் கையில் ஏறும், ஆகவே கையுறை போட்டுத் தொடுங்கள். மணலில் எய்து பார்த்த பிறகு வால் எந்தப் பக்கம் நிற்கிறது, நூலோடும் நூலில்லாமலும் எப்படி வருகிறது என்று எழுதுங்கள். அதற்கேற்ப ரெஸ்டா, நாண் புள்ளியா, முனையா என்று மேற்கொண்டு பார்க்கலாம்.